நாலாவது போல்ட்

பதினொன்று இருந்தது. சந்தனமாரி மறுபடியும் எண்ணினாள். பதினொன்றேதான், போல்ட் என்ன குட்டியா போடப்போகிறது. வேட்டி வந்த பெட்டியின் அட்டையில் கிளட்ச் கவரின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, கழற்றும்போதே எந்த ஓட்டையிலிருந்து எது வந்ததோ அதே இடத்தில் அட்டையைக் குத்தி ஒவ்வொன்றாகச் செருகி வைத்திருந்தாள். ஒன்பது குட்டை, இரண்டு நெட்டை. இடம் மாறினால் தொலைந்தது. நெட்டையைக் குட்டைக்கான ஓட்டையில் இறக்கினால் அடியில் முட்டி என்ஜின் கேஸே விரிசல் விடும்; குட்டையை நெட்டைக்கான இடத்தில் போட்டால் மேலாக இரண்டு மரைச் சுற்றை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும், இறுக்க இறுக்க அந்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மோதினால் யார் அழுவார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. வண்டிக்காரர் முத்திருளப்பன் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய்ப் போர்வை விற்கிறவர். கவருக்கு அடியிலிருந்து எண்ணெய் சொட்டிச் சொட்டி வலது கால் செருப்பும் இரண்டு வேட்டியும் நாசமாகிப்போன எரிச்சல் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார். "நீங்களாம்மா மாட்டப்போறீங்க? மேஸ்திரி கடைசியா ஒரு கை வச்சிருவாருல்ல?" அந்தக் கடைசிக் கை. காளிராஜ் மேஸ்திரியின் பட்டறையில் எந்த என்ஜினை யார் மாட்டினாலும் சரி, ஸ்டார்ட் செய்யுமுன் அவர் வருவார், கழிவுத்துணியில் கை துடைப்பார், டி ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், ஒவ்வொரு போல்டுக்கும் ‘ம்ம்’ என்று ஒரு முறுக்குக் கொடுப்பார். ஏதோ தீபாராதனை காட்டுகிற தோரணை. மேஸ்திரி கை வைத்தால் ஆடாது அசையாது என்று பெயர், மேலூரிலிருந்தெல்லாம் அந்த முறுக்குக்காக வண்டி வருகிறது. மூன்று வாரத்துக்கு முன் இதே வண்டியில், இதே கவரில், அடியில் இருக்கிற நாலாவது போல்ட் அந்த முறுக்கில்தான் மரையைத் தின்றது. அது மேஸ்திரிக்குத் தெரியும், சந்தனமாரிக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பொம்பளை மாட்டினாள், மரை போச்சு. பத்து நாள் இழுத்தடித்து லேத்துக்காரர் வந்து ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் இறக்கிவிட்டுப் போனதும் மேஸ்திரி சொன்னார்: "நீ கெடுத்ததை நீயே மாட்டுத்தா. இந்த வாட்டியும் போச்சுன்னா என்ஜின் பக்கமே வராத, வாட்டர் சர்வீஸ்ல நின்னுக்க." சரி மேஸ்திரி என்றாள். அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் நாக்கு கசந்தது.

தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றினாள். ஓட்டைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டு இறுகிவிட்ட மாதிரி நடிக்கும், எண்ணெய்க்குத்தான் நசுங்கத் தெரியாதே, நசுக்க நசுக்கப் பக்கத்துச் சுவரை உடைக்கும். ஒன்றாம் ஓட்டை, இரண்டாம் ஓட்டை, பஞ்சு கறுத்து வந்தது, வேறு பஞ்சு. நாலாவது கீழே இருக்கிறது, சொட்டுகிறதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அன்றைக்கு நாலாவதைத் துடைத்தேனா? இதோ வந்துவிட்டது அந்தக் கேள்வி. மூன்று வாரமாகச் சோறு பிசையும்போது வருகிறது, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துடைத்தேன். கறுத்த தீக்குச்சியைக் காலடியில் போட்டது கண்ணில் நிற்கிறது. ஆனால் அந்தக் குச்சி அன்றைக்குப் போட்டதா, அதற்கு முந்தின நாள் வேறு வண்டிக்குப் போட்டதா? காலடியில் எப்போதும் நாலு குச்சி கிடக்கிற பட்டறையில் எந்தக் குச்சியை நம்புவது? இப்படித்தான் செய்துவிடுகிறார்கள். தப்பு நடந்த இடத்தில் நீ நின்றிருந்தால் போதும், உன் ஞாபகத்தையே உனக்கு எதிராகச் சாட்சி சொல்லவைத்துவிடுகிறார்கள். மேஸ்திரி இப்படி ஒரு நாளாவது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்திருப்பாரா? அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். சந்தனமாரிக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் நல்லதாகவும் இருந்தது, வயிற்றில் சூடாக ஏதோ இறங்கின மாதிரி. நாலாவது ஓட்டைக்குள் குச்சியை விட்டாள். சுருள் பளபளவென்று புதுசாக இருந்தது. பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இன்னொரு தடவை விட்டாள். வெள்ளைதான். "நல்லாப் பாத்துக்குங்கண்ணே" என்று அந்தக் குச்சியை முத்திருளப்பன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் எதற்கென்று புரியாமல் தலையை ஆட்டினார். பரவாயில்லை. பார்த்தார் அல்லவா, அது போதும். இனிமேல் எந்தக் குச்சிக்கும் ஒரு சாட்சி வைத்துக்கொள்வாள்.

புதுப் பேக்கிங்கை வைத்து, கவரைப் பொருத்தி, போல்டுகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரலாலேயே நட்டாள். முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். திருப்பிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் போல்ட் மெல்ல ஒரு படி இறங்கும், அங்கேதான் இதன் மரையும் அதன் மரையும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன, அதற்கப்புறம்தான் முன்பக்கம் திருப்ப வேண்டும். கோணலாக ஏறினால் விரலே சொல்லிவிடும், ஸ்பேனர் சொல்லாது. ஸ்பேனருக்கு ஏது கூச்சம், கோணலையும் அது பாட்டுக்கு ஏற்றிவிடும். பதினொன்றையும் நட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எல்லாத் தலையும் கவருக்கு மேலே ஒரே உயரத்தில் நின்றன. ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் அளவு மாறிப்போச்சு என்று அர்த்தம். எதுவும் தூக்கவில்லை. ஓசூர் வண்டிக் கம்பெனியில் எட்டு வருஷம், லைனில் நின்று, அவளைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு என்ஜினிலும் இதே மாதிரி ஆறு போல்ட். அங்கே டார்க் ரென்ச் கொடுத்திருந்தார்கள், வைத்த அளவு வந்ததும் ‘டக்’ என்று கையில் ஒரு தட்டுத் தட்டும், அதோடு நிறுத்திவிட வேண்டும். முதல் ஆறு மாசம் தூக்கத்தில்கூட அந்த டக். பக்கத்தில் நின்ற ஷகிலா சொல்வாள், எனக்குப் புள்ளை பொறந்தா அதுகூட டக்குனுதான்டி அழும். கான்ட்ராக்ட் முடிந்தது, லைனை எங்கேயோ தூக்கிக்கொண்டு போனார்கள், ரென்ச்சை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கேடயமும் லட்டும் கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் டக்கை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியவில்லை. அது அவள் மணிக்கட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆரப்பாளையத்தில் இந்தப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது மேஸ்திரி கேட்டார், எத்தனை வருஷ அனுபவம்? எட்டு. கம்பெனி அனுபவமெல்லாம் அனுபவமா, அங்க மிஷினுல்ல வேலை பார்க்குது, இங்க கை பேசணும்த்தா, கை. பேசுகிற கையா, பேசத் தெரிந்த கைக்கு வாயை மூடவும் தெரிய வேண்டாமா? அன்றைக்குத் தோன்றாத பதில். எப்போதும் அவளுக்குப் பதில்கள் பஸ் ஏறின பிறகுதான் தோன்றும்.

டி ஸ்பேனரை எடுத்தாள். கைப்பிடியின் இரண்டு நுனியையும் பிடிக்காமல் கழுத்தருகே இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்தாள். நுனியில் பிடித்தால் பலம் வந்துவிடும், பலம் வந்தால் புத்தி போய்விடும். முதல் சுற்றில் தலை கவரைத் தொட்டால் போதும். ஒன்று, அதற்கு எதிரே ஏழு, அப்புறம் மூன்று, அதற்கு எதிரே ஒன்பது, இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போனால்தான் கவர் சமமாக உட்காரும்; ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் நசுங்கும், இந்தப் பக்கம் வாயைப் பிளக்கும். இரண்டாவது சுற்றில் பாதி. ஸ்பேனர் போய்ப் போய்த் திரும்புகிற தாளத்தில் மனசு எங்கேயோ நழுவி மறுபடியும் அந்தத் தோளுக்கே வந்து சேர்ந்தது. மேஸ்திரியின் வலது தோள். நீலச் சட்டை, காலருக்குக் கீழே வேர்வை வரைந்த வெள்ளைக் கோடு. அன்றைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ‘ம்ம்’ போட்டுக்கொண்டே வந்தவர் நாலாவதில் ‘ம்ம்’ போட்டபோது அந்தத் தோள் சட்டென்று ஒரு விரற்கடை இறங்கியது. இறுக வேண்டிய இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் கை போகுமே, வெண்ணெயில் கரண்டி போகிற மாதிரி, அந்த இறக்கம். மரை போகும்போது சத்தமே வராது. தோள்தான் இறங்கும். அவர் நிமிர்ந்து பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த போல்டுக்குப் போய்விட்டார். அடுத்த போல்டுக்கு! அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் அதே ‘ம்ம்’, அதே மரியாதை. வண்டி பத்து நாளில் ஒழுகிக்கொண்டு திரும்பி வந்ததும் பட்டறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார், சந்தனம், இங்கிட்டு வா, என்ன மாட்டியிருக்க நீ? அவள் போனாள். நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? தோள் இறங்கியதைப் பார்த்தேன் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும், நாலு வார்த்தை, அஞ்சு வார்த்தை. பயமா? பயம்தான், வேறென்ன. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, தோளைப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். ஏம்மா, நீ போல்டைப் பார்த்தியா, மேஸ்திரி தோளைப் பார்த்தியா என்று எவனாவது கேட்பான், பட்டறை குலுங்கும், அப்புறம் ஆறு மாசத்துக்கு அதுவே பேச்சு. அவர்கள் சிரிக்கக் கூடாதென்று பழியை வாங்கிக்கொண்டு வந்தாளே, அதை நினைக்க நினைக்கத்தான் உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. ஏழாவது போல்டில் ஸ்பேனர் கொஞ்சம் வேகமாகத் திரும்பியது. நிறுத்து. கோபத்தைக் கைக்கு அனுப்பாதே, வாய்க்கு வைத்துக்கொள்.

அவர் கெட்டவரும் இல்லை, அதுதான் தொல்லை. மழை பெய்து ஒரு வண்டியும் வராத மத்தியானம் ஒன்றில் டீ குடித்துக்கொண்டே அவரே சொல்லியிருக்கிறார். புதுசாகத் தொழிலுக்கு வந்த காலத்தில் அடியில் இருக்கிற எண்ணெய் போல்டை விரலால் மாட்டிவிட்டு இறுக்க மறந்துவிட்டாராம். உசிலம்பட்டி ரோட்டில் எண்ணெய் முழுக்க ஒழுகி என்ஜின் பிடித்துக்கொண்டு, ஓடின வண்டி ஓடின வாக்கில் நின்று, புருஷனும் பொண்டாட்டியும் தார் ரோட்டில் போய் விழுந்தார்கள். அந்தப் பொம்பளையின் முழங்கை இன்றைக்கும் நீட்ட வராதாம். "அன்னைலருந்து என் கை நிக்காதுத்தா, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு அதுவா போகும்" என்றார். டீ ஆறிப்போய் அவர் கையிலேயே இருந்தது. அன்றைக்கு அவளுக்குப் பாவமாக இருந்தது. இப்போதும் பாவம்தான். ஆனால் பாவப்பட்டுப் பாவப்பட்டு என்ன கண்டோம்? அவர் பயத்தைக் கொண்டுவந்து என் மரையில் இறக்குவார், மரை போகும், அவர் பெயர் மேஸ்திரியாகவே இருக்கும், நான் வாட்டர் சர்வீஸில் டயருக்குச் சோப்புப் போடுவேன். உங்கள் பயத்துக்கு நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இது நான் மாட்டுகிற என்ஜின். மூன்றாவது சுற்று. ஒன்றாவது, மெதுவாக, மணிக்கட்டு மட்டும். பேக்கிங் நசுங்குகிறது, எதிர்ப்பு ஏறுகிறது, ஏறுகிறது, டக். ஏழு, டக். மூன்று, டக். ஒன்பது. சத்தம் எதுவும் இல்லை, உள்ளே மட்டும். நாலு வந்தது. உள்ளங்கை வேர்த்திருந்தது, சுடிதார் ஓரத்தில் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை இறக்கினாள். புதுச் சுருள், எவன் கண்டான், லேத்துக்காரர் கோணலாக இறக்கியிருந்தால், இப்போது இவள் கையிலேயே வெண்ணெய் மாதிரி போய்விட்டால், முத்திருளப்பன் பார்த்துக்கொண்டிருக்க, தன் தோளே இறங்கிவிட்டால்? திருப்பினாள். எதிர்ப்பு வந்தது. வரட்டும். இன்னும் கொஞ்சம். ஏறியது. டக். அது டக்தானா? சந்தேகம் குப்பென்று வந்து உட்கார்ந்தது. இறுகினது போதுமா, ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிட்டால், முத்திருளப்பன் போர்வைக் கட்டோடு விழுந்தால், முழங்கை நீட்ட வராமல் போனால்? இன்னும் ஒரு நூல் திருப்பினால் என்ன? ஒரே ஒரு நூல். கட்டைவிரல் தன்னாலே கைப்பிடியின் நுனிக்கு நகர்ந்திருந்ததைப் பார்த்தாள். அட, இதுதானா அது. மேஸ்திரி முப்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைவது இதைத்தானா. கையை எடு சந்தனமாரி. எட்டு வருஷம் ஒரு நாளைக்கு எத்தனை டக் கேட்டாய், அதை நம்பாமல் யாரை நம்பப்போகிறாய்? கை வரமாட்டேன் என்றது. எடுத்தாள். அத்தனை போல்டை இறுக்கியதைவிட அந்த ஒரு கையை எடுத்தது பெரிய பாடாக இருந்தது.

மிச்சத்தையும் முடித்து, எண்ணெய் ஊற்றி, கவரின் அடியை விரலால் தடவிப் பார்த்தாள். விரல் காய்ந்தே வந்தது. போல்ட் தலைகளைப் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு ஹேண்ட்பேக்கைத் திறந்து நெயில் பாலிஷை எடுத்தாள். ரத்தச் சிவப்பு. கிரீஸ் கைக்கு எதுக்கும்மா இந்த அலங்காரம் என்று பட்டறையில் கேட்காத ஆள் கிடையாது. எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அதற்குப் பதில் இல்லை, அந்தப் பதிலையும் அவள் யாருக்கும் சொன்னதில்லை, பூசிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். ஓசூரில் டக் கேட்டதும் பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து கேஸ் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார்கள். கோடு போட்டாச்சுன்னா கடவுளே வந்தாலும் தொடப்படாது என்பாள் ஷகிலா. இங்கே பெயின்ட் பேனாவுக்கு எங்கே போவது. ஒன்றாவது போல்டின் தலையில் ஆரம்பித்து ஓரத்தைத் தாண்டி அலுமினியத்தில் கொண்டுபோய் முடித்தாள். நேரான, மெல்லிய, சிவப்புக் கோடு. பதினொரு கோடு. நாலாவதுக்குத் தரையில் முழங்கை ஊன்றிப் படுத்துக்கொண்டு வரைந்தாள். முத்திருளப்பன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

அப்போதுதான் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"என்னத்தா இது? போல்டுக்குக் கல்யாணமா? செவப்பெல்லாம் பூசிவிட்டிருக்க?"

முத்திருளப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான், இத்தனை நாள் அவள் பயந்த சிரிப்பு. கேட்டுவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை.

"அடையாளம் மேஸ்திரி. போல்ட்லருந்து கேஸ் வரைக்கும் ஒரே கோடு. நூல் அளவு திருப்புனாலும் கோடு வெட்டுப்பட்டுப் போகும். என் கை எதுல நின்னுச்சுன்னு அது சொல்லும். அதுக்கு மேல போன கை யாருதுன்னும் சொல்லும்."

"எனக்கேவா?"

"எல்லாருக்கும்தான்."

"அட, மேஸ்திரி ஒரு கை வச்சிரட்டும்மா" என்றார் முத்திருளப்பன் சமாதானமாக. "அதுல என்ன கெட்டுப்போச்சு?"

மேஸ்திரி நேராகக் கீழே போய் நாலாவது போல்டில் ஸ்பேனரை இறக்கினார். மற்ற பத்தை விட்டுவிட்டு எதற்கு முதலில் அதற்கே போனார்? அவருக்கும் அந்தக் கேள்வி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறதோ என்னவோ. அந்த நினைப்பு அவளைக் கொஞ்சம் இளக்கப் பார்த்தது. இளகவில்லை. மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்தது, கத்தலாக வரவில்லை, டீ சொல்கிற குரலில் வந்தது.

"கெட்டுத்தானண்ணே போச்சு. அன்னைக்கு இதே நாலாவது போல்ட்ல உங்க தோள் எறங்குச்சு மேஸ்திரி. நான் இங்கனதான் நின்னேன். பார்த்தேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இப்பச் சொல்றேன். திருப்புறதுன்னா திருப்புங்க, உங்க பட்டறை. ஆனா கோடு வெட்டுப்பட்டா அது என் மரை இல்ல."

பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ பெரியகுளம் பெரியகுளம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் கை கைப்பிடியின் இரண்டு நுனியிலும் இருந்தது. நீலச் சட்டைக்குள் தோள் விறைத்து நின்றது. முத்திருளப்பன் தோளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் வலது கால் செருப்பைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. மேஸ்திரியிடம் கையை வைக்கச் சொல்லி இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஸ்பேனர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது மெல்ல மேலே வந்தது. பழக்கமோ, வேறு என்ன செய்வதென்று தெரியாததாலோ, மேஸ்திரி கட்டைவிரலால் அந்த போல்ட் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நெயில் பாலிஷ் இன்னும் காயவில்லை. விரலிலும் இமையிலும் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

"போதும்" என்றார். "ஸ்டார்ட் பண்ணு."

சந்தனமாரி குனிந்து பார்த்தாள். நாலாவது கோடு கலைந்திருந்தது. பெட்ரோல் துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து, மறுபடி தரையில் முழங்கை ஊன்றி, தலையிலிருந்து கேஸ் வரைக்கும் புதுக் கோடு இழுத்தாள். முன்னதைவிட இது நேராக வந்தது. உதட்டைக் குவித்து ஊதினாள்.

"காயட்டும் மேஸ்திரி."

மேஸ்திரி நின்றார். முத்திருளப்பனும் நின்றார். அவள் அவசரப்படாமல் இன்னொரு தடவை ஊதினாள்.